சாப்பாட்டு மேசை மேல் இரண்டு ஆள் ரம்பம்

கண்டக்டரம்மாவின் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. நடுவில் ரம்பம் படுத்திருக்கும். மரம் அறுக்கிற செயின் ரம்பம். இப்போது கடையில் விற்கிற மாதிரி ஒற்றை ஆள் தூக்குகிற ரகம் இல்லை. முன்னே ஒருவர், பின்னே ஒருவர் பிடித்துத் தூக்க வேண்டிய அந்தக் காலத்து ராட்சசன். ஒரு முனையில் கன்றுக்குட்டித் தலை அளவுக்கு இன்ஜின். அதிலிருந்து நீண்டு போகிற இரும்புப் பட்டை, பட்டையைச் சுற்றிப் பல் வைத்த செயின், கடைசியில் வால் மாதிரி ஒரு கைப்பிடி. அந்த வால் மேசையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களின் இடுப்பைப் பதம் பார்த்தது.

அதை இறக்கி வைக்க வழியில்லை. காரணம் ரொம்பச் சின்னது. தூக்க இரண்டு ஆண்பிள்ளைகள் வேண்டும். வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கண்டக்டரம்மா அரை ஆயுளை ஓடுகிற பஸ்ஸில் கழித்தவள். ஒரு காலைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மிச்சக் கையால் டிக்கெட் கிழித்தவள். படியில் தொங்குகிறவனைப் பார்த்து, “உள்ள வா ராசா, உன்னப் பெத்தவளுக்கு நான் பதில் சொல்ல முடியாது” என்று ஒரு குரல் கொடுத்தால் அவன் வருவான், அவனுக்குப் பின்னால் தொங்குகிறவனும் வருவான். பஸ் முழுக்க அவளுக்கு அடங்கும். சாப்பாடு மட்டும் நின்றபடிதான். ஒரு வாய் வைப்பாள், டிரைவர் பிரேக் போடுவான், அடுத்த வாய் முன் சீட்டுக்காரன் தலையில் விழும். அதனால் ஓய்வு பெறுகிற நாளில் அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தன் வீட்டு மேசையில், இரண்டு முழங்கையையும் அகட்டி ஊன்றி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பொன் கேட்டாளா, பொருள் கேட்டாளா? முழங்கை வைக்க இடம் கேட்டாள். அதுதான் கிடைக்கவில்லை.

அவள் புருஷன் பல் செட் செய்கிறவர். பல் டாக்டரம்மா ஒருத்தியின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டுவார். தன் வாயை மட்டும் திறக்க மாட்டார். பல்லுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அமைதியான மனுஷன் என்று நம்பித்தான் அவள் கட்டிக்கொண்டாள். அமைதியான மனுஷன் எங்கேயாவது சத்தத்தை ஒளித்து வைத்திருப்பான் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் பழைய இரும்புக் கடைக்கு இடுக்கி வாங்கப் போனவர், துருப்பிடித்த ரம்பம் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“எந்த மரத்த வெட்டப் போறீங்க?” என்று கேட்டாள். அவர்கள் இருந்தது மூன்றாம் மாடி. தெருவில் மரம் என்று சொல்ல மின்கம்பம்தான் இருந்தது.

பல்லுக்காரர் பதறிப்போனார். “மரமா? மரத்துல பட்டா பல்லு மழுங்கிடும்மா!”

அன்றிலிருந்து வீட்டுக்கு ரம்பங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு திருகாணிக்காக ஒரு முழு ரம்பத்தை வாங்குவார். பிறகு அந்த ரம்பத்தைத் தனியாக விட மனசு வராமல் அதற்கு வேண்டிய திருகாணிக்காக இன்னொன்றை வாங்குவார். கட்டிலுக்கு அடியில் ரம்பம். பீரோவில் சேலைக்கு நடுவில் ரம்பம். குளிக்கப் போனால் வாளியில் மண்ணெண்ணெய். அதில் செயின் ஊறும். பல் செட் மினுக்குகிற பசையால் இன்ஜின் மூடியை மினுக்குவார். அது கண்ணாடி மாதிரி ஆனதும் அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொள்வார். பெயின்ட் அடித்த மூடிகளைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். பக்கத்தில் அவள் யூனிஃபார்மும் காயும். தோளில் பச்சைக் கோடு விழுந்த யூனிஃபார்மோடு அவள் போனதைப் பார்த்துப் பயணிகள், “பதவி உயர்வாம்மா?” என்று வாழ்த்தினார்கள். ஒரு பெரியவருக்குப் போன பல் செட்டில் கொஞ்சம் ஆரஞ்சுப் பெயின்ட் ஒட்டிக்கொண்டது. கேரட் தின்றதால்தான் என்று அவர் கடைசி வரை நம்பினார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

இந்தக் கூத்தில் கண்டக்டரம்மாவின் தம்பி எப்படி வந்து சேர்ந்தான் என்றால், எல்லாம் அந்த இரண்டு ஆள் ரம்பத்தால்தான். தம்பி லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடி அறையில் தனிக்கட்டையாக இருந்துகொண்டு மூன்று வேளையும் அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன். லிஃப்டில் ஏறவே மாட்டான். கேட்டால், “உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா” என்பான். அந்த ரம்பம் மூடிப்போன மர ஆலை ஒன்றிலிருந்து சாக்குமூட்டையில் துண்டு துண்டாக வந்தபோது, இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலை அவன்தான் பிரித்துப் புதுக் கம்பி சுற்றினான். அதனால் ரம்பத்தில் பாதி தன்னுடையது என்று அவனுக்கு நினைப்பு.

வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வெளியே மைதானத்தில் பழைய இயந்திரக்காரர்கள் கூடுவார்கள். இவர்களும் போவார்கள். மரத்தை அறுக்கமாட்டார்கள். இரண்டு பேரும் ரம்பத்தைத் தூக்கிப் பிடித்து, ஸ்டார்ட் செய்து, காற்றை அறுப்பார்கள். பல்லுக்காரர் இன்ஜின் பக்கம். கயிறு இழுப்பது அவர், வேகத்துக்கு முறுக்கு ஏற்றுவது அவர், போட்டோவில் விழுவது அவர். தம்பி வால் பக்கம். அவர் முன்னே வந்தால் இவன் பின்னே நடக்க வேண்டும். அவர் திரும்பினால் இவன் அரை வட்டம் ஓட வேண்டும். புகை முழுக்க இவன் மூக்குக்கு. மைக்கில், “ரம்பத்தின் உரிமையாளரும் அவருடைய உதவியாளரும்” என்பார்கள்.

“மாமா, ஒரே ஒரு தடவை நான் இன்ஜின் பக்கம் பிடிக்கிறேனே?”

“பாக்கலாம் மச்சான்.”

இப்படியே பார்த்துக்கொண்டே பல வருஷம் போயிற்று.

ஒரு நாள் பல்லுக்காரர் அச்செடுக்கிற மாவைக் குழைத்துக்கொண்டு வந்து, “மச்சான், இத நல்லா இறுக்கிப் பிடி” என்றார். தம்பிக்கு ஒரே குஷி. கடைசியில் மனுஷனுக்கு மனசு இரங்கிவிட்டது, இன்ஜின் பக்கம் தன் கைக்குத் தகுந்த பிடி போடப் போகிறார் என்று நினைத்து, மூச்சை அடக்கிப் பிடித்தான். மாடி அறையில் அவன் தனியாக விசிலடிப்பது அக்காவுக்குக் கீழே கேட்டது.

பிடி தயாரான அன்று இருவரும் ரம்பத்தைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். பல்லுக்காரர் துணியை விலக்கினார். வால் முனையில், பல் செட்டுக்குப் போடுகிற ஈறு நிறத்தில், பளபளவென்று ஒரு பிடி. விரலுக்கு விரல் பள்ளம். லிஃப்ட் கதவில் நசுங்கி நுனி போன தம்பியின் சுண்டுவிரலுக்குக்கூட அளவாகக் குட்டைப் பள்ளம்.

“உலகத்துல வேற எவன் கைக்கும் பொருந்தாது மச்சான். ஆயுசு பூரா இது உனக்குத்தான்!” என்றார் பல்லுக்காரர், கண் கலங்க. அவ்வளவு நீளமாக அவர் பேசியதே அபூர்வம்.

தம்பி அந்தப் பிடியைப் பார்த்தான். யாரோ வாயைப் பிளந்து சிரிக்கிற மாதிரி இருந்தது அது. “ஆயுசு பூரா நான் வால்தானா?” என்றான். பிடியை உருவிக் கரண்டிகளுக்கு நடுவில் எறிந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். ரம்பம் மேசையிலேயே கிடந்தது.

கோபம் வந்தாலும் பசி போகாதே. மறுநாளும் தம்பி சாப்பிட வந்தான். இன்ஜினுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

“அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு.”

“உன் தம்பிய எட்டி எடுத்துக்கச் சொல்லும்மா. இன்ஜின் பக்கம்தான் இருக்கு. அவனுக்குத்தான் அந்தப் பக்கம் ஆசையாச்சே.”

“ஏன்டா, நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடுற ஷட்டில் பஸ்ஸா?” என்று கத்தினாள் கண்டக்டரம்மா. “உப்பு வேணும்னா உப்ப கேளு. இல்லன்னா உப்பில்லாம தின்னு. சொரணையாவது வருதான்னு பாப்போம்.”

வரவில்லை. அவளும் எல்லாம் செய்து பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆண்பிள்ளைகளைக் கூப்பிட்டாள். வேர்வைக் கை பட்டால் பாலிஷ் போய்விடும் என்று பல்லுக்காரர் அவர்களுக்குக் கையுறை நீட்டினார், கையுறையைப் போட்டதும் நகத்தைக் காட்டச் சொன்னார், அவர்கள் போய்விட்டார்கள். பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டாள். அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்து, “இதுக்கு ரெண்டு ஆளு வேணுமேம்மா. என்கூட இருந்தவன் என்கிட்ட பேசறதில்ல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் அவள் அடுப்பை அணைத்தாள். “மேசை காலி ஆகுற வரைக்கும் அடுப்புக்கு லீவு. என்னைக்கு என் முழங்கைக்கு இடம் கிடைக்குதோ அன்னைக்குத்தான் உங்க வாய்க்குச் சோறு.” சொன்னதோடு நிற்காமல், சும்மா இருக்கிற கை நமநமவென்று இருந்ததால் சமையலறை அலமாரியைத் துடைத்து, டப்பாக்களை எல்லாம் அவள் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கினாள். அதில் புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த மாவு டப்பாக்களும் இருந்தன. அச்செடுக்கிற மாவு ஒன்று; அது ரப்பர் மாதிரி இளகி நிற்கும், கையை உருவிக்கொள்ளலாம். இன்னொன்று அச்சில் ஊற்றுகிற மாவு. அது இறுகினால் கல். அவள் கண்ணுக்கு இரண்டும் மாவுதான்.

இரண்டு நாள் பசி பல்லுக்காரரை யோசிக்க வைத்தது. மச்சானிடம் போய், “நீ இன்ஜின் பக்கம் வா, நான் வால் பக்கம் போறேன்” என்று சொன்னால் முடிந்தது கதை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் செய்துவிடலாம் என்று தீர்மானித்தார். வால் முனைக்குத் தன் கை அளவிலேயே ஒரு பிடி செய்து மாட்டிவிட்டால், வந்து பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடும். கண்டக்டரம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, எப்போதும் டப்பா இருக்கிற இடத்தில் கையை விட்டு எடுத்தார். கண் முழுக்க வாசல் மேல். மச்சான் வந்துவிடப் போகிறானே என்ற பயம். குழைத்தார், வால் கம்பியில் அப்பினார், கையை வைத்து இறுக்கிப் பிடித்தார், அதன் மேலும் அப்பிக்கொண்டார்.

கண்டக்டரம்மா திரும்பி வந்தபோது அவர் மேசை ஓரத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க?”

“சும்மா நிக்கிறேன்.”

“கை எங்க?”

“உள்ள இருக்கு.”

அவள் அந்த வெள்ளை உருண்டையை விரலால் தட்டினாள். டொக் டொக் என்றது. கதவைத் தட்டினால்கூட அவ்வளவு சத்தம் வராது.

“சூடா இருக்கும்மா” என்றார் பல்லுக்காரர் பரிதாபமாக. “டப்பாவ யாரு மாத்தி வச்சது?”

“நான்தான் வச்சேன். பாக்காம எடுத்தது யாரு?” என்றவள் சுத்தியலை எடுத்து ஓங்கினாள். பல்லுக்காரர் அலறிய அலறலில் கீழ் வீட்டு ஜன்னல் திறந்தது.

“வேணாம்! கம்பி உடைஞ்சிடும்! இந்த அலுமினியம் இப்போ எங்கயும் கிடைக்காது!”

“உங்க கை?”

“கை எலும்பு ஒட்டிக்கும்மா.”

அந்த நேரம் பார்த்து, அடுப்பு எரிகிறதா என்று மோப்பம் பிடித்தபடி தம்பி உள்ளே வந்தான். பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். தோள் மட்டும் குலுங்கியது.

“அக்கா, உன் வீட்டுக்காரர் என்ன, ரம்பத்துக்குக் கைகுடுத்து நலம் விசாரிக்கிறாரா?”

“உன் தம்பிகிட்ட சொல்லும்மா. டாக்டரம்மா கிட்ட இத வெட்டுற கத்திரி இருக்கு. அந்தப் பக்கம் ஒரு ஆள் தூக்குனா கிளினிக்குக்குப் போயிடலாம்.”

“எந்தப் பக்கம்னு கேளுக்கா.”

பல்லுக்காரர் கூரையைப் பார்த்தார். “இன்ஜின் பக்கம்” என்றார்.

தம்பி இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்ஜினையும் பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டே இரண்டு நட்டு. அதைக் கழற்றுகிற ஸ்பேனர் அங்கேயே, உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. கழற்றினால் இன்ஜின் தனி, பட்டை தனி. பட்டையை மட்டும் குடை மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு பல்லுக்காரர் தனியாகவே கிளினிக்குக்கு நடந்து போகலாம்; இன்ஜின் மேசையிலேயே கிடக்கும். இத்தனை வருஷம் ரம்பங்களோடு படுத்து எழுந்த கண்டக்டரம்மாவுக்கு அது ஒரு பார்வையில் தெரிந்தது. அவள் நட்டைப் பார்த்தாள், ஸ்பேனரைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். முழு நீள மேசை. வாயை மூடிக்கொண்டாள். ஒன்றைப் பார்த்துவிட்டு அவள் சொல்லாமல் விட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

இரண்டு பேரும் ரம்பத்தைத் தூக்கினார்கள். கண்டக்டரம்மா முன்னே போய்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டில்தான் சிக்கல் வந்தது. வால் பக்கம் இருப்பவர் பின்பக்கமாக இறங்க வேண்டும். அக்கா வழியாகச் சேதி சொல்லி, அக்கா அவரிடம் சொல்லி முடிப்பதற்குள் மனுஷன் உருண்டுவிடுவார்.

“மாமா, படி!” என்று கத்தினான் தம்பி. கத்திய பிறகுதான் பேசிவிட்டோம் என்று உறைத்தது. இனி என்ன, “இன்னொரு படி… இடது பக்கம்… உங்க இடது இல்ல, என் இடது” என்று தொடர்ந்தான்.

“மெதுவா தள்ளுடா மச்சான், நான் என்ன தள்ளுவண்டியா?”

“இத்தன வருஷம் நான் என்னவா இருந்தேன்னு நெனச்சீங்க?”

பல்லுக்காரர் இன்னொரு படி இறங்கினார். சுவரில் முதுகு இடித்துவிட்டது.

தெருவில் அந்த ஊர்வலம் நெடுந்தூரம் தாங்கவில்லை. பஸ் பிடித்தார்கள். அவள் பழைய வழித்தடம்தான். இப்போது ஒரு இளவட்டக் கண்டக்டர். ரம்பத்தையும் மனுஷரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“லக்கேஜ் டிக்கெட் போடணும். இதுல எது லக்கேஜு?”

“ரம்பத்துக்கு லக்கேஜ் போடு. இவரு ரம்பத்தோட கைப்பிடி, இவருக்கு டிக்கெட் வேணாம்” என்றாள் கண்டக்டரம்மா. “ஏம்மா, படியில நிக்காத, பல்லு பட்டா சேலை கிழியும். உள்ள போ, உள்ள போ.” பஸ் பழையபடி அவளுக்கு அடங்கியது. கண்டக்டரும் சேர்ந்து உள்ளே போனான்.

கிளினிக்கில் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்திருந்தார். கதவு திறந்து முதலில் பல்லுக்காரரின் முதுகு வந்தது, பிறகு பல் வைத்த செயின் வந்தது, வந்துகொண்டே இருந்தது, கடைசியில் இன்ஜினும் தம்பியும் வந்தார்கள். நாற்காலிக்காரர் வாயை மூடினார். “வலி விட்டுப்போச்சு டாக்டர்” என்று சொல்லி, கழுத்தில் கட்டிய துணியோடு வெளியே நடந்தார்.

டாக்டரம்மா பல்லுக்காரரை வேலைக்கு வைத்திருப்பவள், எதற்கும் பழகியவள். கத்திரியால் ஓரம் ஓரமாகக் கடித்து வெட்டி, கல்லை இரண்டாகப் பிளந்தாள். சிவந்து சுருங்கிய கை வெளியே வந்தது. பிளந்த பாதிகளுக்குள்ளே அவர் விரல்களின் பள்ளம் அச்சு அசலாக, ரேகை வரைக்கும் விழுந்திருந்தது. பல்லுக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பிடி நல்லா வரும்” என்றார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி டாக்டரம்மா ரம்பத்தின் பக்கத்தில் குனிந்தாள். “ஆமா, இந்த ரெண்டு நட்ட கழட்டியிருந்தா இத்தன கனம் தூக்கிட்டு வந்திருக்க வேணாமே?”

பல்லுக்காரர் சுவரில் மாட்டியிருந்த கடைவாய்ப்பல் படத்தை முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்தார். தம்பி கார்புரேட்டரில் இல்லாத தூசியை ஊதினான்.

“நட்டா?” என்றாள் கண்டக்டரம்மா. “அப்படி ஒண்ணு இருக்கா அதுல?”

வெளியே வந்ததும் ரம்பத்தைத் தூக்கினார்கள். யாரும் சொல்லாமலே தம்பி இன்ஜின் பக்கம் போனான், பல்லுக்காரர் வால் பக்கம். நாலு எட்டு வைப்பதற்குள் தம்பி, “மாமா, முறுக்குக் கம்பி தளர்வா இருக்கு, நான் மாத்தப்போறேன்” என்றான். “அது அப்படித்தான் இருக்கணும், தொடாத” என்றார் அவர். “இன்ஜின் பக்கம் இருக்கிறவன் நான்.” “பின்னாடியிருந்து பாக்கிறவனுக்குத்தான்டா தெரியும்.” இத்தனை நாள் பேசாததை எல்லாம் நடுரோட்டிலேயே பேசித் தீர்த்துவிடுகிற வேகத்தில் இரண்டு பேரும் கத்திக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்தது. கண்டக்டரம்மா மட்டும் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவள் மேசையைத் துடைத்தாள். எண்ணெய்க் கறை போகவில்லை, போனால் போகிறது. அடுப்பைப் பற்றவைத்து முட்டை வேகவைத்தாள். தட்டை நட்டநடுவில் வைத்தாள். உட்கார்ந்து, இடது முழங்கையை அந்த ஓரத்துக்கும் வலது முழங்கையை இந்த ஓரத்துக்குமாக அகட்டி ஊன்றினாள். எதிரில் வெறும் சுவர். அவ்வளவு அழகான சுவர் தன் வீட்டில் இருப்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

பாதி சாப்பாட்டில் தெருமுனையிலேயே அவர்கள் சத்தம் கேட்டது. படியேறி வருகிற சத்தமும் கேட்டது. அவள் எழுந்து போய் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“கதவத் திறம்மா! கனம் தாங்கல!”

“சாப்பிடறேன்.”

“அக்கா, கை போயிடும்க்கா!”

“கீழ வைங்கடா. யாரு வேணாங்கிறா?”

வெளியே செயின் சுவரில் உரசியது. பிறகு பல்லுக்காரரின் குரல்: “மச்சான், உன் பக்கம் முதல்ல இறக்கு.”

“நீங்க இறக்குங்க மாமா. இன்ஜின் முதல்ல தரையில படக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

கண்டக்டரம்மா இன்னொரு முட்டையை எடுத்து, மேசையில் தட்டி, நிதானமாக உரிக்க ஆரம்பித்தாள்.